அறுபதாயிரம் பூ

எல்லா ஆஸ்பத்திரியிலும் நோயாளிக்கு இரண்டு நோய். முதல் நோயை டாக்டர் சொல்வார். இரண்டாவது நோயைக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் சொல்வார். மற்ற ஆஸ்பத்திரிகள் முதல் நோயோடு நிறுத்திக்கொள்கின்றன. இரண்டாவதை நோயாளி வீட்டுக்கு எடுத்துப்போய் அவரே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். நான் சொல்லப்போகும் ஆஸ்பத்திரி அப்படி மனிதர்களைக் கைவிடும் ஜாதி அல்ல. இரண்டாவது நோய்க்கும் தனியாக ஒரு பிரிவு திறந்து வைத்தியம் பார்த்தது. அதற்கும் பில் போட்டது.

அந்தப் பிரிவில் வந்து மாட்டிக்கொண்டவர் படக்காரர். பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு மாடிப்படிக்கு அடியில், பாஸ்போர்ட் படம் மட்டும் எடுக்கும் கடை வைத்திருந்தார். ஒரு முக்காலி, ஒரு வெள்ளைத் திரை, இரண்டு விளக்கு, ஒரு கேமரா. முக்காலியில் யார் உட்கார்ந்தாலும், கேமராவைக் கண்ணருகே கொண்டுபோகும்போதே அவர் வாய் தானாகச் சொல்லும்: "சிரிக்காதீங்க. வாயை மூடுங்க. நேராப் பாருங்க." சிரித்த முகத்தோடு யாரும் எல்லை தாண்ட முடியாது என்பது அரசாங்கங்களின் கொள்கை. அதை அந்தத் தெருவில் அமல்படுத்தும் பொறுப்பை அவர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே சுமந்து வந்தார்.

கடையில் இன்னொரு ஆள் அவர் மனைவி. வருகிறவர்களின் காலரைச் சரிசெய்வது, காதை மறைக்கும் முடியை ஒதுக்குவது, படத்தை வெட்டி உறையில் போடுவது எல்லாம் அவள் வேலை. சம்பளமில்லாத இன்னொரு வேலையும் பார்த்தாள். கணவர் "சிரிக்காதீங்க" என்று சொல்லும் நேரம் பார்த்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, அவரைப் போலவே உதட்டைப் பிதுக்கி, புருவத்தைத் தூக்கிக் காட்டுவாள். முக்காலியில் இருப்பவர் விழுந்து விழுந்து சிரிப்பார். படம் பாழாகும். படக்காரர் திரும்பிப் பார்த்தால் அவள் குனிந்து படம் வெட்டிக்கொண்டிருப்பாள். இப்படித்தான் அந்தக் கல்யாணம் ஓடியது.

அவளுக்கு மார்பில் கட்டி வந்தது. புற்றுநோய் என்றார்கள். அறுவை சிகிச்சைக்கு அவள் நகைகள் போயின, கடைக்குப் பின்னால் இருந்த அறை போயிற்று. அவள் தம்பியான மைத்துனர் ஒரு தடவை உதவினார். இரண்டாவது தடவை கேட்டபோது அவர் வீட்டில் எப்போதும் யாரும் இல்லாமல் போனார்கள். அதற்குப் பிறகு ஆறு ஊசி போட வேண்டும், மூன்று வாரத்துக்கு ஒன்று. ஆறும் முழுதாகப் போட்டால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, நடுவில் நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொன்னார். சொல்லிவிட்டு மேஜையைப் பார்த்தார். நல்ல டாக்டர். நல்ல டாக்டர்கள் விலை பேசும் இடத்தில் மேஜையைப் பார்ப்பார்கள்.

இரண்டு ஊசி முடிந்திருந்தபோதுதான் புதுப் பிரிவின் திறப்பு விழா வந்தது. ஊசிக்குக் காத்திருந்தவர்களையே கூட்டமாக உட்காரவைத்தார்கள். ஆஸ்பத்திரித் தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"அன்பர்களே, பணக்கவலை நோயாளியைக் கொல்கிறது என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. செலவை நினைத்துக் கவலைப்படுகிறவர் தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை, மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறார். இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்கு இரண்டு வழிதான் உண்டு. ஒன்று, செலவைக் குறைப்பது. இன்னொன்று, கவலையைக் குறைப்பது. முதல் வழியை ஒரு குழு அமைத்து முழு மனதோடு பரிசீலித்தோம். அதனால் நிர்வாகத்துக்குக் கவலை வரும் என்று தெரிந்தது. ஒருவர் கவலையை இன்னொருவர் தலையில் கட்டுவது மருத்துவ தர்மம் ஆகாது. ஆகவே இரண்டாவது வழி."

கை தட்டினார்கள். கையில் ஊசிக்குழாய் செருகியிருந்தவர்கள் இன்னொரு கையால் தொடையில் தட்டினார்கள்.

முதல் சீர்திருத்தம் கல்லாவில் நடந்தது. தொகையைக் கேட்கும் நேரத்தில்தான் நோயாளியின் ரத்த அழுத்தம் ஏறுகிறது என்று கண்டுபிடித்து, கல்லாவையே மூடிவிட்டு அந்த இடத்தில் 'மென்குரல் அறை' என்று ஒன்றைத் திறந்தார்கள். மெத்தை நாற்காலி, மங்கலான விளக்கு, புல்லாங்குழல். பணம், தொகை, பாக்கி, கட்டு என்ற நான்கு சொற்களுக்கும் அங்கே தடை. உள்ளே ஒரு பெண் புன்னகையோடு குனிந்து காதோடு சொன்னாள்: "இந்தத் தடவை அறுபதாயிரம் பூ, ஐயா."

படக்காரருக்கு விளங்கவில்லை. "பூவா? என்ன பூம்மா?"

"பூதான், ஐயா."

"எந்தப் பூன்னாலும் பரவாயில்லையா?"

அவர் உண்மையாகவே கேட்டார். கேட்டுவிட்டு மனைவியைப் பார்த்தார். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். முடி கொட்டிப்போன தலையில் கட்டியிருந்த துணி அவிழ்ந்து விழுந்தது, அதைக்கூட எடுக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த புன்னகைக்கு மேல் போக அனுமதி இல்லை போலிருந்தது. பில்லில் கடைசி வரியாக 'மென்குரல் சேவை, நானூறு பூ' என்று இருந்தது. வீடு போகும் வரை அவள் "எந்தப் பூன்னாலும் பரவாயில்லையா" என்று அவர் குரலில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவளை அப்படி அவர் மறுபடி பார்க்க வெகுநாள் ஆயிற்று.

மூன்றாவது ஊசிக்குக் கேமராவை விற்றார். பழுதுபார்க்கக் கொடுத்திருப்பதாக அவளிடம் சொல்லிவிட்டு, தெரிந்த கடையில் ஒரு ஓட்டைக் கேமராவை இரவல் வாங்கி வைத்துக்கொண்டார். அவள் நம்பியதாகக் காட்டிக்கொண்டாள். வாந்திக்குக் கொடுத்த மாத்திரை விலை அதிகம் என்று அவள் ஒன்றை இரண்டாக உடைத்துப் போட்டுக்கொண்டாள். வாந்தியே இல்லை என்று அவரிடம் சொன்னாள். அவரும் நம்பியதாகக் காட்டிக்கொண்டார். இப்படி இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஏமாற்றி, இருந்த கொஞ்ச நிம்மதியையும் தீர்த்தார்கள். அவள் கடைக்கு வருவதை நிறுத்தினாள். வாடிக்கையாளர்கள் சிரிப்பதும் நின்றது. படங்கள் எல்லாம் முதல் தடவையே சரியாக வந்தன.

ஏழைகளுக்கு உதவ ஆஸ்பத்திரியில் ஒரு நிதி இருக்கிறது என்று பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்லித்தான் படக்காரருக்குத் தெரிந்தது. விசாரிக்கப் போனார். பணக்கவலைப் பிரிவின் ஆலோசகர் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். எல்லோரும் 'ஆறுதல் அம்மா' என்று கூப்பிடும் பெண்மணி. குரலில் தேன் வழியும். நிதி உண்டு, மீதி ஊசிகள் மொத்தத்தையும் அதுவே ஏற்கும், நன்கொடையாளர்கள் தாராளமானவர்கள் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. நோயாளியின் கவலை அளவு பத்துக்கு மூன்றுக்குக் கீழே இருக்க வேண்டும்.

"புரியலைங்கம்மா. கவலை இருக்கிறவங்களுக்குத்தானே உதவி வேணும்?"

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் நினைப்பாங்க," என்றார் ஆறுதல் அம்மா, கோபமே இல்லாமல். "பணக்கவலை இருக்கிற உடம்புல மருந்து சரியா வேலை செய்யாது, ஐயா. ஆராய்ச்சி சொல்லுது. அப்ப அவங்களுக்குக் கொடுக்கிற நன்கொடை வீண்தானே? ஊரார் காசை நாங்க வீணாக்கலாமா? பணத்தைப் பத்திக் கவலையே படாதவங்களுக்குக் கொடுத்தா ஒரு பூகூட வீணாகாது."

"பணத்தைப் பத்திக் கவலைப்படாதவங்க யாரும்மா?"

"போன மாசம் ஒரு மில் முதலாளி வாங்கினாரு," என்றார் ஆறுதல் அம்மா. "ரொம்ப நல்ல அளவு. ஒண்ணு."

நிபந்தனை நிபந்தனைதான். கவலையைக் குறைக்க வகுப்புகள் நடந்தன, வகுப்புக்கு எழுநூறு பூ. கண்ணை மூடி, மூச்சை இழுத்து, நிறைந்த வங்கிக் கணக்கு ஒன்றை மனதில் பார்க்க வேண்டும்; மூச்சை விடும்போது அதை யாருக்கோ தானமாகக் கொடுத்துவிட வேண்டும். படக்காரரின் மனைவிக்கு முதல் பாதி வரவேயில்லை. பார்த்தறியாத பொருளைக் கண்ணை மூடிக்கொண்டு எப்படிப் பார்ப்பது? பக்கத்தில் இருந்த கொத்தனார் வங்கியைப் பார்த்துவிட்டாராம், ஆனால் வாசலிலேயே காவலாளி நிறுத்திவிட்டானாம். ஆறுதல் அம்மா அவரைக் கூடுதல் வகுப்பில் சேர்த்தார்.

கவலையை அளக்கும் நாள் வந்தது. முதலில் கேள்விகள். அவற்றுக்கு எல்லோரும் பொய் சொல்வார்கள் என்பதால் முகம் பார்க்கும் கருவி என்று ஒன்று வைத்திருந்தார்கள். ஒரு முக்காலி, பின்னால் வெள்ளைத் திரை, எதிரே ஒரு கேமரா. அது முகத்தைப் படம் பிடித்து, மலர்ச்சியைக் கணக்கிட்டு எண்ணைச் சொல்லும். கூட வந்தவர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று உற்சாகப்படுத்தலாம்.

அவள் நன்றாகத் தயாராகி வந்திருந்தாள். கேள்விகளில் தேறிவிட்டாள். முக்காலியில் உட்கார்ந்ததும் பழைய கடை ஞாபகம் வந்ததோ என்னவோ, கணவரைப் பார்த்தவுடன் அவள் உதட்டோரம் துடித்தது. முகம் மலரத் தொடங்கியது. எண் ஆறிலிருந்து ஐந்து, நான்கு என்று இறங்கியது. ஆறுதல் அம்மா விரல்களைக் கோத்துக்கொண்டார். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"சிரிக்காதீங்க," என்றார் படக்காரர். "வாயை மூடுங்க. நேராப் பாருங்க."

அவள் சட்டென்று வாயை மூடி நேராகப் பார்த்தாள். இத்தனை வருஷம் கடையில் இருந்தவள் வேறென்ன செய்வாள்? கருவி எட்டு என்று காட்டியது. எழுதிக்கொண்டார்கள். மறு அளவு அடுத்த ஊசிக்குப் பிறகுதான் என்றார்கள்.

படக்காரர் வராந்தாவில் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். சொந்த வாயாலேயே அவள் பிழைக்கிற வழியைக் கெடுத்துவிட்டேனே என்றார். அவள் அவர் கையைப் பிடித்து, "விடுங்க, பழக்கதோஷம். உங்க வாய் என்ன பண்ணும்" என்றாள். அன்றைக்கும் சிரிக்க முயன்றாள், வரவில்லை.

நான்காவது ஊசி கடனில் நடந்தது. அடுத்து விற்க மிஞ்சியிருந்தது கடை உரிமை ஒன்றுதான். அவர் ஆள் பார்க்கத் தொடங்கினார். இரண்டு வாரம் கழித்து ஒரு மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து கடைக்குப் போன் வந்தது. ஆறுதல் அம்மா. குரல் தழுதழுத்தது. உங்கள் மனைவி காலையில் தனியாக வந்தார், அளவு எடுத்தோம், பூஜ்யம் என்றார். இந்தப் பிரிவின் வரலாற்றிலேயே முதல் பூஜ்யம். மில் முதலாளியே ஒன்றுதான். நாளைக்கே பாராட்டு விழா.

படக்காரர் கடையைப் பூட்டக்கூட இல்லை. ஓடினார். வீட்டில் அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"நிஜமாவா?" என்றார்.

"நிஜமாத்தான். கவலையே இல்லைங்க இப்ப," என்று சொல்லிப் பழையபடி சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்த சந்தோஷத்தில் அவர் வேறு எதையும் கேட்கவில்லை. பூஜ்யம் என்றால் நிதி, நிதி என்றால் மீதி இரண்டு ஊசி, இரண்டு ஊசி என்றால் இவள் பிழைத்தாள். கணக்கு அவ்வளவு நேராக இருந்தது.

விழாவில் தலைவர், நன்கொடையாளர்கள், மேடையில் ஒரு பெரிய நாற்காலி. சுவரில் மாட்ட அவளைப் படம் எடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியின் படம் எடுப்பவர் வரவில்லை. கணவரே அந்தத் தொழில்தானே என்று யாரோ சொல்ல, அவர் கையில் ஆஸ்பத்திரிக் கேமராவைக் கொடுத்தார்கள். அவர் விற்ற கேமராவைவிட நல்ல கேமரா. அதைக் கண்ணருகே கொண்டுபோனார். வாய் பழைய வார்த்தைக்குத் திறந்தது. இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார், நெற்றி வியர்த்தது. அவள் அதைப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கி, புருவத்தைத் தூக்கி, அவர் முகத்தை அவருக்கே செய்து காட்டினாள். அவர் முகம் எப்படி இருக்கும் என்று அவர் அன்றைக்குத்தான் பார்த்தார். செய்து காட்டிவிட்டு அவளே தாங்க மாட்டாமல் சிரித்தாள். அவர் அழுத்தினார். அவர் விரும்பி எடுத்த முதல் சிரித்த படம் அது.

பிறகு தலைவர் ஒலிபெருக்கியை அவளிடம் நீட்டினார். "பணக்கவலையை முழுசா ஜெயிச்ச ரகசியத்தை மத்த நோயாளிகளுக்கும் சொல்லணும்மா."

அவள் கணவரை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ரகசியம் ஒண்ணும் இல்லைங்க. இனிமே ஊசி போட வரமாட்டேன்னு கையெழுத்துப் போட்டுட்டேன். போறவங்களுக்கும் ஒரு அளவு எடுக்கணும்னு உக்கார வச்சாங்க. போட்ட ஊசிக்குப் போனது எல்லாம் போகட்டும். கடையாவது இவருக்கு மிஞ்சட்டும்னு நினைச்சேன். நினைச்சதும் கவலை எல்லாம் போயிடுச்சு."

முதலில் கை தட்டியது தலைவர்தான். "அருமை," என்றார். "நாங்க ஒரு பிரிவே வச்சு, இத்தனை வகுப்பு நடத்திச் சொல்லிக்கொடுத்ததை, இந்த அம்மா ஒரே கையெழுத்துல சாதிச்சிட்டாங்க. இதுதான் மன உறுதி. இதை மத்தவங்களும் யோசிக்கணும்னு கேட்டுக்கிறேன்."

படக்காரர் மேடைக்கு ஏறினார். எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. பூஜ்யம் வந்துவிட்டது, நிதியைக் கொடுங்கள், இவள் ஊசி போட்டுக்கொள்வாள் என்றார். தலைவர் நிதி அதிகாரியைப் பார்த்தார். நிதி அதிகாரி மிகுந்த வருத்தத்தோடு விதியைச் சொன்னார். நிதி நோயாளிகளுக்கு மட்டும். கையெழுத்துப் போட்டு விலகியவர் நோயாளி அல்ல. புதிதாகப் பதிந்துகொள்ளலாம், அதற்கு ஐயாயிரம் பூ. அந்தப் பூவை மட்டும், விழா நாள் என்பதால், ஆஸ்பத்திரி விட்டுக்கொடுக்கும். பதிந்தவுடன் மறுபடி அளவு எடுக்க வேண்டும். நேற்று பூஜ்யம் வாங்கியவருக்கு இன்றைக்கு என்ன பயம் என்று சிரித்தார்.

அப்போதே அளக்கும் அறைக்குக் கூட்டிப்போனார்கள். அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் முக்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். படக்காரர் வாயைக் கையால் பொத்திக்கொண்டு அறைக்கு வெளியே நின்றார். இனி தன்னால் கெடக்கூடாது என்று. கருவி ஒன்பது என்றது.

"பூஜ்யத்துலேர்ந்து ஒன்பதா?" என்றார் ஆறுதல் அம்மா. "என்னம்மா இது, ஒரே நாள்ல?"

"பூஜ்யம் வாங்கினப்ப சாகறதுன்னு முடிவு பண்ணியிருந்தேன்மா. இப்பப் பொழைச்சிக்கலாமோன்னு ஒரு ஆசை வந்துடுச்சு. அது வந்ததும் எல்லாம் திரும்பி வந்துடுச்சு."

ஆறுதல் அம்மா தலையசைத்தபடி, கவலைக்குக் காரணம் என்ற இடத்தில் 'ஆசை' என்று எழுதினார். அதைக் குறைக்க வேறு வகுப்பு இருப்பதாகச் சொன்னார்.

படக்காரர் அன்று மாலையே கடை உரிமையை விற்க ஆளைக் கூட்டிவந்தார். அவள் கதவில் குறுக்கே நின்று, மாட்டேன் என்றால் மாட்டேன்தான் என்றாள். அவளை யாராலும் அசைக்க முடியவில்லை. அடுத்த வருஷம் நோய் நுரையீரலுக்குப் போயிற்று. கடைசி வாரத்தில் சிரித்தால் மூச்சு வாங்கியது, அதனால் சிரிக்க வைக்காதீர்கள் என்று டாக்டர் சொன்னார். அப்படிச் சொல்லத் தேவையே இருக்கவில்லை. அவள் செத்துப்போனாள். அவ்வளவுதான், இதை இன்னும் நல்ல விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, சொல்லவும் விருப்பமில்லை.

சாவுக்கு வந்தவர்கள் வீட்டில் மாட்ட ஒரு படம் கேட்டார்கள். ஊரில் பாதிப் பேரைப் படம் எடுத்தவர் வீட்டில் அவள் படம் ஒன்றுதான் இருந்தது. எப்போதோ விளக்கைச் சோதிக்க அவளை முக்காலியில் உட்காரவைத்து எடுத்தது. வாயை மூடி, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இது அவள் இல்லையே என்று அவளுடைய தம்பியே சொன்னார். மைத்துனர் அன்றைக்கு மட்டும் வீட்டில் இல்லாமல் போகாமல் வந்திருந்தார்.

படக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போனார். மென்குரல் அறை வாசலில், ஆள் உயரத்துக்கு, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே 'கவலை: பூஜ்யம்' என்று எழுதியிருந்தது. பில் வாங்க நின்றவர்கள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பார்க்க வேண்டும் என்பது விதி. தலைவர் எழுந்து நின்று அனுதாபம் சொன்னார். அந்தப் படத்தால் எத்தனையோ பேருக்குக் கவலை குறைந்திருப்பதாகவும், அம்மா இன்னும் இங்கே சேவை செய்துகொண்டுதான் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். படம் ஆஸ்பத்திரியின் சொத்து, கழற்றித் தர வழியில்லை. ஆனால் மனிதாபிமானத்தை உத்தேசித்து ஒரு பிரதி தரலாம் என்று அவரை உள்ளே அனுப்பினார்.

மெத்தை நாற்காலி, மங்கலான விளக்கு, அதே புல்லாங்குழல். பெண் மட்டும் புதியவள். வேலைக்குச் சேர்ந்து சில நாள்தான் ஆகியிருக்கும். சொல்லிக்கொடுத்ததை ஒன்று விடாமல் செய்தாள். தலையைச் சாய்த்தாள், பல் தெரியப் புன்னகைத்தாள், அவர் காதருகே குனிந்தாள்.

"எண்ணூறு பூ, ஐயா."

படக்காரர் தலையைப் பின்னுக்கு இழுத்து, கடையில் பார்ப்பது போல அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"சிரிக்காதீங்கம்மா," என்றார்.